சேரன் வண்டிக்கு எஃப்.சி.

என் வீட்டுக்காரர் சேரன் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் வேனில் பிள்ளைகள் ஏறிவிட்டால் அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. எதிரில் ஆடு வந்தால் நிற்பார், கோழி வந்தால் நிற்பார். ஒரு தடவை காற்றில் பறந்து வந்த பாலித்தீன் பைக்கே பிரேக் அடித்து நின்றார். பின்னால் வந்த பஸ்காரர் திட்டியதை எழுத்தில் எழுத முடியாது.

குடமுருட்டிக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து வலங்கைமான் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் மஞ்சள் வேன் எங்களுடையது. அவர் ஓட்டுவார். நான் கதவோரம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். காகிதத்தில் என் வேலைக்கு உதவியாளர் என்று பெயர். மூக்குத் துடைப்பதும் சண்டை விலக்குவதும் தொலைந்த தண்ணீர் பாட்டிலைத் தேடுவதும்தான் அந்த உதவி.

வினை பங்குனியில் ஆரம்பித்தது. உளுந்து பிடுங்குகிற காலத்தில் எங்கள் பக்கம் ரோடுதான் களம். செடியைத் தார்ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகள் மிதித்தே காய் உடைந்துவிடும். எங்கள் வயல் உளுந்தையும் அப்படித்தான் உதிர்ப்போம். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போன ஒரு வெள்ளைக் காரின் அடியில் செடி சுற்றிக்கொண்டு, சைலன்ஸர் சூட்டில் பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் குதித்துத் தப்பினார்கள். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மண்ணை அள்ளிப் போட்டார்கள். கார் கண்ணெதிரே எரிந்து கூடாகிப்போனது. எங்கள் வேனில் அப்போது பிள்ளைகள் இருந்தார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனைத் தஞ்சாவூருக்கு ஓட்டிப்போனார். நானும் போனேன். அங்கே சைலன்ஸர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மூஸா பாய் அவருக்குப் பழக்கம்.

"பாய், அடியில சூடு இருக்கவே கூடாது. என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

"சூடெல்லாம் இந்தக் கன்வெர்ட்டர்லதான் தம்பி," என்று மூஸா பாய் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே ஒரு தடித்த குடுவையைத் தட்டிக் காட்டினார். "புகையில உள்ள விஷத்தை இதுதான் எரிக்குது. அதனால அடுப்பு மாதிரி கொதிக்கும். எடுத்துட்டு நேர்க்குழாய் போட்டு, மேல ஏத்தி வெல்டு வச்சுடுறேன். செடி கிடி சுத்தாது."

சாயங்காலம் புதுக் குழாயோடு ஊர் திரும்பினோம். சத்தம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அவரோ பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இரண்டு நாளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மூஸா பாய்க்குப் போன் போட்டால், "கன்வெர்ட்டரைக் காணோமேன்னு சென்சார் தேடுது. வண்டி ஓடுதுல்ல, விடுங்க" என்றார். வலங்கைமானில் ஒரு மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டி அணைத்துக் கொடுத்தார். வீடு வருவதற்குள் திரும்ப எரிந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மே மாதம் மைதானத்தில் வைத்துப் பள்ளி வண்டிகளுக்கு ஆய்வு. அதில் தேறி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் ஜூனில் பிள்ளைகளை ஏற்ற முடியும். எங்கள் முறை வந்தபோது பிரகதீஸ்வரி என்ற இளம் பெண் அதிகாரி வந்தார். கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சுத்தமா வச்சிருக்கீங்கண்ணே" என்றார். எனக்குப் பெருமை பொங்கியது. பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். நகத்தால் என் பொட்டை உரித்தார். விளக்கு எரிந்தது. உரித்த பொட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

குழாயில் கருவியைச் சொருகிப் புகையை அளந்தார்கள். தேறவில்லை.

இவர் வாய் குழற, உளுந்துச் செடியையும் எரிந்த காரையும் சொன்னார். "பிள்ளைங்களுக்காகத்தாம்மா எடுத்தேன். வேற எதுக்கும் இல்ல."

அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டார். "புரியுதுண்ணே. ஆனா இந்த மெஷினுக்கு உளுந்து தெரியாதே. அடியில ஒரு இரும்புத் தகடு அடிச்சிருந்தா போதும், செடி கிட்டயே போயிருக்காது. பழைய கன்வெர்ட்டரை மாட்டிட்டு வாங்க, நானே பார்த்து முடிச்சுத் தரேன்."

ஒரு தகடு! இதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது? அந்தப் பெண்மேல் காட்ட முடியாது, அவ்வளவு பதமாகப் பேசினார். அங்கிருந்தே தஞ்சாவூருக்குப் போனோம், மூஸா பாய்மேல் காட்டலாம் என்று. அவரோ எங்களைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, பழசைக் காயலான் கடைக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்மா. நீங்க திரும்பக் கேப்பீங்கன்னு தெரியலியே."

காயலான் கடைக்கும் போனோம். அது திருச்சிக்குப் போய் உடைபட்டாகிவிட்டதாம். மூஸா பாய் மனசு கேட்காமல், விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து வேறொன்றை வாங்கி வந்து காசே வாங்காமல் மாட்டினார். விளக்கு அணைந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். மறுபடி ஆய்வுக்குப் போகிற வழியில், மைதானத்து வாசலிலேயே விளக்கு திரும்ப எரிந்தது. உள்ளே இருந்த சரக்கு செத்துப்போன குடுவை என்றார்கள். கம்பெனியில் புதிதுக்குச் சொல்லி வைத்தோம். தினமும் போன் போட்டேன். "வந்தா நாங்களே கூப்பிடுறோம் மேடம்." அந்த மேடத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காமல் போய்விட்டது.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. குடுவை வரவில்லை. எஃப்.சி. இல்லாத வண்டி வாசலுக்கே வரக்கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெற்றோர்கள் கூடிப் பேசி, பக்கத்து ஊர் பிரபுவின் ஆட்டோவை அமர்த்திக்கொண்டார்கள். வேறு என்னதான் செய்வார்கள்?

அன்று காலை அவர் பாட்டுக்கு வேனைக் கழுவித் துடைத்து வழக்கமான இடத்தில் நிறுத்தியிருந்தார். எதுக்கு என்று கேட்டால், "சும்மா கெடக்குதே" என்றார். ஆட்டோ வந்தது. ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. எங்கள் வேன் பிள்ளைகள் புத்தகப்பையோடு ஒருவர்மேல் ஒருவராக ஏறினார்கள்.

"எத்தனை பேருய்யா ஏத்துவே?" என்று இவர் கேட்டார்.

"எண்ணாதீங்கண்ணே. எண்ணுனா எனக்கே பயமா இருக்கும்," என்று பிரபு சிரித்தான். தப்பான பையன் இல்லை. அவன் ஆட்டோவுக்கு எல்லாச் சான்றிதழும் சரியாக இருந்தது.

இர்ஃபானாவை மட்டும் காணவில்லை. ஜன்னத் பீவியின் மகள், எல்.கே.ஜி.யிலிருந்தே எங்கள் வேனில் வருகிறவள், இந்த வருஷம்தான் ஒண்ணாம் வகுப்பு. தேடினால் எங்கள் வேனுக்குள் ஏறி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு தங்கம், ஆட்டோ கெளம்புது," என்றாள் ஜன்னத் பீவி.

"எனக்கு டிரைவர் மாமா வண்டிதான்."

ஜன்னத் பீவி இவரைப் பார்த்தாள். "அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும் நீங்களே கொண்டுபோய் விட்டுட முடியாதா? யாரு பார்க்கப் போறாங்க?"

அவர் சாவியைக் கையில் எடுத்தார். ஓட்டிவிடுங்கள் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது; வேண்டாம் என்றும் கத்த வேண்டும் போலிருந்தது. சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வழியில ஏதாவது ஆச்சுன்னா, காகிதம் இல்லாத வண்டியில ஏத்துனேன்னு ஆயிடும்மா," என்றார்.

பெல்ட்டைக் கழற்றி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆட்டோவில் பின்னால் இடமே இல்லை. பிரபு தன் சீட்டில் நகர்ந்து ஒரு ஓரம் கொடுத்தான். முன்சீட்டில் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றாத மனுஷர், தன் கையாலேயே அவளை அந்த ஓரத்தில் உட்கார வைத்தார். கம்பியைக் காட்டி, "கெட்டியா பிடிச்சுக்க, விடவே கூடாது" என்றார். ஆட்டோ சாய்ந்துகொண்டே கிளம்பிப் போனது.

"ஏங்க, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"யாரு பண்ணுவா?" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே. "நாம யாரு இப்ப, கேக்கறதுக்கு?"