மூர்ணியின் எடை

செத்துப்போன அடுத்த மாதமே மூர்ணி இருநூறு கிராம் எடை கூடினாள். உயிரோடு இருந்த கடைசி வருஷத்தில் அவள் ஒரு கிராம்கூடக் கூடியதில்லை. கராங்ஜாத்தியில் மாதத்துக்கு ஒரு காலை ஊர்த்தலைவர் வீட்டுப் பந்தலில் இரும்புத் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, கால்சட்டை மாதிரித் தைத்த, பூப்போட்ட பாத்திக் துணித் தொட்டிலில் பிள்ளைகளை உட்காரவைத்து நிறுப்பார்கள். அன்றைக்கும் தராசைச் சரிபார்க்க, நிறுக்கிற தூரியா காலித் தொட்டிலை முதலில் மாட்டினாள். தொட்டில் தொய்ந்தது. துணியில் இரண்டு சின்னத் தொடைகளின் வடிவம் புடைத்தது. தூரியா தராசுக் குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, பந்தல் ஓரத்தில் கைக்குழந்தையோடு நின்ற வார்சினாவைத் திரும்பிப் பார்த்தாள். "உன் பொண்ணு வந்திருக்காடி. போன தடவைக்கு இருநூறு கூட" என்றாள், மத்தி மீன் விலை சொல்கிற குரலில்.

கராங்ஜாத்திக்காரர்கள் மீன் பிடிப்பார்கள், கருவாடு போடுவார்கள், விற்பார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். மீன் தின்றால் குழந்தைக்குக் குடலில் பூச்சி வரும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வார்சினாவின் கணவன் தஸ்ரிப் கணவாய் மீன் பிடிக்கிற படகில் போனால் திரும்பப் பல மாதம் ஆகும். அவன் கொண்டுவரும் நல்ல மீனையெல்லாம் விற்ற கையோடு, அதே சந்தையில் நிலா மார்க் டின் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள் அவள். நிலாவைக் கட்டிக்கொண்டு ஒரு கொழுத்த பிள்ளை டின்மேல் சிரிக்கும். அந்தப் பாலை ஊருக்கு அறிமுகம் செய்தவர்கள், நிறுக்கிற நாள் ஒன்றில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த மூன்று பெண்கள். அவர்கள் நர்ஸ்கள் என்று யாரும் சொல்லவில்லை, இல்லையென்றும் யாரும் சொல்லவில்லை. "ஒரு டம்ளர்ல எலும்புக்கு வேண்டிய அத்தனை சத்தும் இருக்கு ஈபு" என்றாள் ஒருத்தி, அம்மா என்பதை அந்த ஊர் வழக்கில் சொல்லி. "எம் பொண்ணு சோறே எடுக்க மாட்டேங்குறாளே" என்று வார்சினா கேட்டதற்கு, "இதுவே சோறுதான், கவலைய விடுங்க" என்று சிரித்தாள். டின்னில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதும், கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது என்பதும் அடியில் எறும்புகள் மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சாகியிருந்தன. எறும்புகள் படித்தன. மூர்ணி எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் அந்த இடத்துக்கு வரிசை கட்டி வந்தன.

மூன்று வயதில் அவளுக்கு முன்பல் நான்கும் கரைந்து புகையிலை நிறத்தில் முளை மட்டும் நின்றது. கால் வளைந்து, வயிறு உப்பி, கை மட்டும் எப்போதும் டம்ளருக்கு நீண்டபடி இருந்தாள். மழைக்காலத்துப் பேதி மற்ற பிள்ளைகளைப் படுக்கப்போட்டுவிட்டுப் போனது. மூர்ணியை மட்டும் கூட்டிக்கொண்டு போனது.

அங்கே வியாழன் பொழுது சாய்ந்ததும் செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள் என்று அவரவருக்குப் பிடித்ததை எடுத்து வைப்பது வழக்கம். கிழவர்களுக்குக் கறுப்புக் காப்பி, கிராம்புச் சுருட்டு. வார்சினா டின் பாலைக் கலந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தால் டம்ளர் காய்ந்து கிடந்தது. விளிம்பில் பிசுபிசுவென்று ஐந்து சிறு விரல்கள் பதிந்திருந்தன. தராசில் எடை கூடிய அன்று அவள் பந்தலிலேயே உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். அந்த வாரத்திலிருந்து இரண்டு டம்ளர் வைத்தாள், பிறகு மூன்று. மூர்ணியும் மாதாமாதம் கூடிக்கொண்டே போனாள். மகள் உயிரோடிருந்தபோது அந்த வெள்ளைக் கோட்டுக்காரி சொன்னதெல்லாம் இப்போதுதான் பலிக்கிறது என்று வார்சினா தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதே டின்னிலிருந்து பத்து மாதக் கைக்குழந்தை ஜுமாதிக்கும் புட்டியில் ஊற்றினாள். அக்கா கூடுகிற அளவுக்கு அவன் குறைந்துகொண்டு வந்தான்.

"செத்தது கூடுது, இருக்கிறது குறையுது. கண்ணு தெரியுதா உனக்கு?" என்றாள் தூரியா.

"அவள மாதிரி இவனும் ஒருநாள் தேறிக்குவான், யூ. பால் அப்படி" என்றாள் வார்சினா; மூத்தவளை அக்கா என்பதற்கு அங்கே யூ.

"செத்தப்புறமா?"

வார்சினா அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

செத்த பிள்ளையும் வளர்கிறது என்கிற சேதி பட்டணத்துக்குப் போனது. கம்பெனியிலிருந்து ஹெந்த்ரோ என்கிற மேலாளர், அதே வெள்ளைக் கோட்டுப் பெண்களோடும் ஒரு படம்பிடிப்பவனோடும் வந்து இறங்கினார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பந்தலுக்குள் வந்தார். தராசுத் தண்டு எழும்பி நிற்பதைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ஒரே ஒரு படம், ஈபு. ஒரு கையில டின்ன வெச்சுக்குங்க. இன்னொரு கைய தொட்டில்ல வைங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

"செத்த புள்ள பக்கத்துல சிரிக்கணுமா? உங்க வீட்டம்மாவக் கூட்டியாந்து நிறுத்துங்க ஐயா, பல்லெல்லாம் தெரியும்" என்றாள் தூரியா.

வார்சினா அதுவரை தொட்டிலுக்குள் கைவிட்டதே இல்லை. தொட்டால் செத்தவர்களுக்குத் திரும்பிப் போக மனசு வராது என்பார்கள். இப்போது விட்டாள். இளஞ்சூடாக ஏதோ இருந்தது. "நொக்" என்றாள். பெண் பிள்ளைகளை அங்கே அப்படித்தான் கொஞ்சுவார்கள். அந்த வெதுவெதுப்பு அவள் கையில் ஒட்டிக்கொண்டது. முழங்காலைத் தேடினாள். தோளைத் தேடினாள். குளிப்பாட்டும்போது எண்ணி விளையாடிய விலா எலும்புகளைத் தேடினாள். எங்கே அழுத்தினாலும் விரல் உள்ளே போனது. கொழகொழவென்று போய்க்கொண்டே இருந்தது. தொட்டில் நிறையப் பிள்ளை இருந்தாள். அவளுக்குள் ஒரு எலும்புகூட இல்லை. படம்பிடிப்பவன் அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டான்.

கையை வெளியே இழுத்தபோது முழங்கைவரை வெள்ளையாக நூல் இழுத்தது. எறும்புகள் வருவதற்குள் அவள் தூரியாவின் இடுப்பிலிருந்த ஜுமாதியைப் பிடுங்கி வாங்கி, அவன் வீறிட்டு அழும்வரை கையையும் காலையும் அழுத்திப் பார்த்தாள். கணவாய் ஓடு மாதிரி லேசாக, தொட்டால் உடைகிற மாதிரி ஒன்று உள்ளே இருந்தது. ஆனால் இருந்தது.

அந்தப் படம் வீணாகவில்லை. முகம் சரியில்லை என்று வார்சினாவின் தலையை வெட்டிவிட்டு, கை, டின், தொட்டில் மூன்றையும் பெரிதாக்கி வழியெங்கும் ஒட்டினார்கள். பக்கத்து ஊர்களில் நிலா மார்க் முன்னைவிட நன்றாக விற்றது.

வார்சினா மறுநாளே நெத்திலியை இடித்துக் கஞ்சியில் போட்டு ஜுமாதிக்கு ஊட்டினாள். "பூச்சி வந்து புடுங்கட்டும், அப்பத் தெரியும்" என்றார்கள் தெருவில். அவன் துப்பினான். மறுபடி ஊட்டினாள். வியாழக்கிழமை பால் டம்ளருக்குப் பதிலாகச் சோறும் வறுத்த மத்தியும் வைத்தாள். வெள்ளிக்கிழமை தட்டு வைத்தபடியே இருந்தது. அடுத்த வெள்ளியும் அப்படியே. கொல்லையில் எறிந்திருந்த காலி டின்களை யாரோ கரண்டியால் சுரண்டுகிற சத்தம் பகலிலும் கேட்டது. சமைக்கும்போது சேலை மாதிரிச் சுற்றிய அவள் துணியைக் கீழிருந்து ஒரு கை இழுத்தது; குனிந்தால் எறும்புதான் இருந்தது. ஒருநாள் தாளாமல் ஒரு டின்னைத் திறந்து டம்ளரில் கலந்துவிட்டாள். கலந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஜுமாதி தவழ்ந்து வந்து கை நீட்டினான். மடமடவென்று தானே குடித்துத் தீர்த்தாள்.

அந்த மாதம் ஜுமாதி கூடினான். மூர்ணி பாதியாகக் குறைந்திருந்தாள்.

"ரெண்டாந்தடவையும் நானே கொல்றேன் யூ" என்றாள் வார்சினா.

"அப்ப இவனையும் அவகூட அனுப்பிடு. ரெண்டும் சேந்து பால் குடிக்கும்" என்றாள் தூரியா. சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது காலித் தொட்டிலைத் தடவிக் கொடுத்தாள்.

தஸ்ரிப் கடலிலிருந்து திரும்பியது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மகள் செத்த சேதி அவனுக்கு நடுக்கடலிலேயே வந்திருந்தது. வந்தவன் நேராக மூர்ணிக்கு வைத்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். சோறு அப்படியே இருந்தது. மத்தியின் சதையும் இரண்டு பாளமாகப் பிளந்து அப்படியே கிடந்தது. நடுமுள்ளை மட்டும் காணோம். தலையிலிருந்து வால்வரை யாரோ சுத்தமாக உருவி எடுத்திருந்தார்கள்.

"பூனையா?" என்றான்.

வார்சினா தட்டைப் பார்த்தாள். "இல்ல. நொக்குதான்."

"ஓ" என்று சொல்லிவிட்டு, மிச்சம் வைத்த சதையைச் சோற்றோடு பிசைந்து அவன் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் முள்ளுள்ள மீனாகப் பார்த்து வைத்தார்கள். அடுத்து நிறுக்கிற நாளில் மூர்ணியின் எடை இன்னும் குறைந்திருந்தது. வார்சினா தொட்டிலுக்குள் கைவிட்டாள். கை ஒட்டவில்லை. தேடியதும் தட்டுப்பட்டது: புளியங்கொட்டை அளவில், கெட்டியாக, ஒரு முழங்கால். அது ஆடிக்கொண்டிருந்தது.

"நொக், கால ஆட்டாதடி, தராசு நிக்கல" என்று அதட்டினாள் தூரியா. ஆட்டம் நின்றது. எடையைச் சொன்னாள். பிறகு ஜுமாதியை உட்காரவைத்தார்கள்.