கூடுதல் உள்ளேன் ஐயா

சட்டம் வந்துவிட்டது. கல்லூரியில் அளவுக்கு மேல் படித்தவர்கள் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். படிப்பு முடிந்து நாற்பது வருடமானாலும் விடமாட்டார்கள், பென்ஷனில் பிடிப்பார்கள். கோமதிநாயகத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் கூடுதலாம். நல்ல கூத்து! கடைசி பெஞ்சில் தூங்கியே பட்டம் வாங்கிய மனுஷர் அவர்.

கேட்டுவிட்டு வரலாமென்று பாளையங்கோட்டைக்குப் போனார். கல்லூரி நடைக்கூடம் நடக்க நடக்க நீண்டது. வழியில் சைக்கிள் ஸ்டாண்டு இரண்டு தடவை வந்தது. அவருடைய பழைய சைக்கிள் பூட்டாமல் நின்றது. பூட்டிவிட்டு நடந்தார்.

அலுவலகத்தில் ஒரு பெண் பதிவேட்டைப் புரட்டினாள்.

“ஒரே வகுப்புல ரெண்டு தடவை இருந்திருக்கீங்க, அண்ணாச்சி.”

“ரெண்டாவது ‘உள்ளேன் ஐயா’ என் கூட்டாளி தேவசகாயத்துக்குச் சொன்னது. அவன் காலைக் காட்சிக்குப் போயிருவான்.”

“குரல் உங்களுதுதான?”

“மூக்கைப் பிடிச்சிக்கிட்டுல்லா சொல்லுவேன்.”

“மூக்கும் உங்களுதுதான். கட்டிருங்க. இல்லாட்டி அந்த நேரத்தைத் திருப்பித் தந்துருங்க. அவரு உங்ககூடப் படிக்கவே இல்லன்னு ஆயிரும்.”

படிக்கவே இல்லையா! மத்தியானச் சோற்றுவேளையில் அந்தப் பாவி வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே முழுப் படத்தையும் நடித்துக் காட்டுவானே! சண்டைக் காட்சியில் இவர் டிபன் டப்பாதான் எப்போதும் நசுங்கும்.

“அவரே வந்து ஒருக்க ‘உள்ளேன் ஐயா’ சொன்னா, எல்லாம் தள்ளுபடி.”

“அவன் போன ஆடியில செத்துப்போயிட்டாம்மா.”

“அது ஆப்சென்ட்தான, அண்ணாச்சி?”

அவள் மேஜை இழுப்பறையை இழுத்தாள். உள்ளே பி.ஏ. வரலாறு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நடு பெஞ்சில்தான் இடம் இருந்தது. பேராசிரியர் பெயர் வாசித்தார்.

“தேவசகாயம்.”

 சொன்னால் கட்டணம் ஏறும். சொல்லாவிட்டால் அவன் இல்லை. கோமதிநாயகத்தின் கை தானாக மூக்குக்குப் போனது.

“உள்ளேன் ஐயா.”

“நானூத்திப் பதிமூணு,” என்றாள் மேலிருந்து அந்தப் பெண்.

“கோமதிநாயகம்.”

வாயைத் திறந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, குரல் வரவில்லை. பேராசிரியர் ஆப்சென்ட் போடப் பேனாவை எடுத்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

“உள்ளேன் ஐயா!”

வறுத்த கடலை வாசனை வந்தது.

“இதை யாரு கணக்குல எழுத, அண்ணாச்சி?”

“ரெண்டு பேரு கணக்குலயும் எழுதும்மா,” என்றார் கோமதிநாயகம், திரும்பிப் பார்க்காமல். “பென்ஷன்ல பிடிச்சா பிடிச்சுட்டுப் போறாங்க.”