இத்ரீஸுக்குள் இருக்கும் சிறுநீரகம்

1

ஒரு கருவியைப் பற்றி மகிழ்ச்சியான கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கூட்டத்தில் ஆய்வாளர் சித்தி ஹாஜரா பேசியதைக் கேட்ட மறுநாள் அது. கண்ணுக்குத் தெரியாத நுண்கம்பிகள் பதித்த ஒரு சில்லு. ஒரு சொட்டு ரத்தம் பட்டால் போதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதன்மீது பாயக் கிளம்பியிருக்கிறது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். முதல் வரிகூடத் தயார்: 'அறிவியல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய கதை இது. ஹாஜரா அன்று காலை

(அங்கேயே நிறுத்திவிட்டேன். கூட்டம் முடிந்த பிறகு அவர் என்னிடம் சொன்ன மீதி, இந்த வரிக்குள் அடங்கவில்லை. இனி அவரை 'அவள்' என்றே எழுதுகிறேன். அப்போதுதான் பக்கத்தில் போக முடிகிறது.)

2

ஹாஜரா தன் சிறுநீரகம் ஒன்றைக் கணவன் இத்ரீஸுக்குக் கொடுத்திருந்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தவன், அதன்பிறகுதான் மறுபடி குழம்புச் சட்டிக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தான். கருவியைச் சோதிக்க, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் தேவைப்பட்டபோது அவனே முன்வந்தான்.

"பொண்டாட்டி செஞ்ச மெஷினுக்கு என் ரத்தம் இல்லாமலா?"

மாதாமாதம் திரையில் கோடு படுத்தே கிடந்தது. ஒரு வியாழக்கிழமை எழும்பியது. ஹாஜரா சில்லை மாற்றிப் பார்த்தாள். அதே கோடு. அவள் கொடுத்ததை அவன் உடம்பு எதிரியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

[இங்கே 'அவள் அழுதாள்' என்று எழுதியிருந்தேன். அழவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் அவனுக்கு ஃபோன் செய்தாள்.]

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க."

"நல்லாத்தானே இருக்கேன். கடையில மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடியட்டும் லா."

"இப்பவே."

3

இத்ரீஸுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் குணவதியைக் கெட்டவராக்கப் பார்த்தேன். கதை இடம் கொடுக்கவில்லை.

"உங்க மெஷின நம்பி நான் மருந்த மாத்த முடியாது, ஹாஜரா. ஆனா பயாப்சி எடுத்துப் பார்க்கலாம்," என்றார். அன்றே எடுத்தார். கருவி சொன்னது சரிதான். வீரியமான மருந்துகள் ஏறின.

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன்: 'மெல்ல மெல்லச் சிறுநீர் இறங்கியது. இத்ரீஸ் சிரித்தபடி கடைக்குத்

இல்லை. சீக்கிரமே கண்டுபிடித்தார்கள், யாரும் தவறு செய்யவில்லை, சிறுநீரகம் செத்துப்போனது.

4

ஜெலுத்தோங்கில் டயாலிசிஸ் முடிந்து அவனைக் காரில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். சிவப்பு விளக்கு.

"அந்தச் சிறுநீரகத்த எடுக்க மாட்டாங்களாம்," என்றான் இத்ரீஸ். "தொந்தரவு பண்ணாத வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"தெரியும்."

"மன்னிச்சிரு, ஹாஜரா. நீ குடுத்தத என் ஒடம்பு ஏத்துக்கல."

"ஒடம்புக்கு ஆள் தெரியாதுங்க. புரதம் மட்டுந்தான் தெரியும்."

சொன்ன பிறகுதான், அவன் கேட்டது விளக்கம் அல்ல என்பது அவளுக்கு உறைத்தது. அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அந்த மெஷின் இல்லேன்னா, இன்னும் கொஞ்ச நாள் தெரியாமலே சந்தோஷமா இருந்திருப்போம்ல?"

'ஆமா' என்று அவளைச் சொல்லவைத்தேன். அத்தனை வருட உழைப்பையும் அவளே தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. 'இல்ல' என்று சொல்லவைத்தேன். பக்கத்தில் அவன் அப்படி ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, அவ்வளவு சரியாகப் பேச யாருக்கு வாய் வரும்? இரண்டையும் அடித்துவிட்டேன்.

பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள்கள் ஹார்ன் அடிக்கின்றன. இத்ரீஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னிடம் சொல் இல்லை. உங்களிடம் இருந்தால் அவளுக்குக் கொடுங்கள்.