வாய் மட்டும் மங்கையுடையது

"வசனமெல்லாம் வேணாம் தங்கச்சி. பாட்டு மட்டும் பாடு. உங்கப்பாவ நெனச்சிக்கிட்டுப் பாடு" என்றான் தவசிமுத்து.

அவன் துறைமுகத்தில் குமாஸ்தா. நாலு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, ஸ்டுடியோவும் இல்லாமல் நட்சத்திரமும் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் யாரும் அண்டவிடாத ஒரு பெண்ணைப் பற்றிப் பாட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணாக நடிக்க ஆள் தேடி அவன் ஊரெல்லாம் அலையவில்லை. தங்கை சுகிர்தமே தன்னோடு படிக்கும் மங்கையைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள்.

மங்கைக்குப் பதினைந்து வயது. விடியலில் அம்மா பூவம்மாவோடு மீன்கூடை சுமந்துவிட்டு, அதே பாவாடையோடு ராயபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். "நெத்திலி வருதுடி, மூக்கப் பொத்து" என்பார்கள் வகுப்புப் பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்தவள் சுகிர்தம் ஒருத்திதான். அதனால் அவளிடம் மட்டும் மங்கை ஒன்றைச் சொல்லியிருந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத நைனா வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை, ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் கரையில் நின்று பாடுவாள். அம்பா ஆண்கள் பாட்டு. பொம்பளை வாயில் வந்தால் கடலுக்கு ஆகாது என்பது அவர்கள் குப்பத்துக் கட்டுப்பாடு. பூவம்மாவுக்கே தெரியாது.

"படத்துல பாடினா குப்பத்துல பேஜாரு பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டாள் மங்கை.

"திட்ட வர்றவங்களே அழுதுடுவாங்க பாரு" என்றாள் சுகிர்தம். "நம்ம ஸ்கூல் மொத்தமும் உன் கொரலக் கேக்கும். அப்புறம் எவ உன்னை நெத்திலின்னு கூப்பிடுவா?"

"மெய்யாலுமா?"

"மாதா மேல சத்தியம்."

அந்த ஒரு சொல்லுக்காக மங்கை கட்டுமரத்தின் மேல் நின்று பாடினாள். நைனாவின் பாட்டைத் தொண்டை கட்டும்வரை பாடினாள். கண்ணீர் தானாக வந்தது. படம் பிடிக்கும் மிஷினுக்குப் பின்னால் நின்ற ஒருவன் துண்டை வாயில் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டான். பாவம், அழுகிறான் என்று நினைத்தாள்.

"என் கொரலு அதுல ஏறிக்கிச்சா?"

"எல்லாம் ஏறிடுச்சு" என்றாள் சுகிர்தம்.

படம் திருவொற்றியூர்க் கொட்டகையில் சாயங்கால ஆட்டத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க. மங்கைக்கு ஒரு பக்கம் சுகிர்தம்; மறு பக்கம் பூவம்மா மணலில் சம்மணம் போட்டிருந்தாள். திரையில் மங்கையின் முகம் வந்தது. வாய் திறந்தது.

ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது.

பிறகு ஓர் ஆண், பெண்குரலில் கீச்சிட்டான்: "நெத்திலி எனக்கு அத்தரு, நெருங்கின வாத்தி செத்தாரு." அவள் கன்னத்தில் உருண்ட ஒவ்வொரு துளிக்கும் 'டொய்ங்' என்றது ஒரு தந்தி. கொட்டகை இரண்டுபட்டது. பூவம்மாவும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சுகிர்தம், என் பாட்டு எங்க?"

"அந்த மிஷினு படம் மட்டுந்தான் புடிக்கும். சத்தம் அப்புறம் சேக்குறது."

"அன்னிக்கே உனுக்குத் தெரியுமா?"

சுகிர்தம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சிரிப்புப் படம்னு சொன்னா நீ அப்டி அழ மாட்டேன்னு அண்ணன் சொன்னாரு."

"நெத்திலின்றத உங்க அண்ணனுக்கு யாரு சொன்னது?"

படம் முடிந்திருந்தது. சுகிர்தம் பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தோளில் கையே போட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் போட்டதில்லை.

"இவ்ளோ தமாஷு பண்ணுவியா மங்கை? சொல்லவே இல்லியே. நெஜமா அங்க நின்னு இன்னா பாடின?"

மங்கை சுகிர்தத்தைப் பார்த்தாள். அன்று அந்தப் பாட்டைக் கேட்ட பெண் அவள் ஒருத்தி. 'பாடினாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதையெல்லாம்கூட விழுங்கிவிடலாம்.

"பாட்டா?" என்று சுகிர்தம் சிரித்தாள். "சும்மா வாய அசைச்சா. அவளுக்கு எங்க பாட வரும்?"

"ஆமா" என்றாள் மங்கை. "கூட இருந்தது அவதான. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தோளில் கிடந்த கையை மெதுவாக எடுத்துவிட்டு அம்மாவிடம் போனாள்.

"அந்த ஆட்டுக்குட்டி கத்துற எடம் கீதே" என்று ஆரம்பித்த பூவம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வயிறு நோவுதுடி. நீ இன்னா, உம்முனு வந்துகினு கீற?"

"யம்மா" என்றாள் மங்கை, "கொஞ்ச தூரம் சிரிக்காம வாயேன்."