சாப்பிடாமல் போன விருந்தாளி

சம்பத் அண்ணன் என்னை முறைப்படி அழைத்ததுதான் அவர் செய்த தப்பு. பெருங்களத்தூரில் இருக்கும் என் ஆபீஸுக்கே வந்து, வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் பத்திரிகையை நீட்டி, மகள் வினிதா கல்யாணத்துக்கு அவசியம் வரணும் என்றார். தட்டை வாங்கிக்கொண்டு போகாமல் இருப்பது மரியாதை இல்லை. நான் மரியாதை தெரிந்தவள்.

கல்யாணம் முடிச்சூரில், அவருடைய சொந்த மண்டபத்தில். 2015 வெள்ளத்தில் அங்கே மணமேடை வரைக்கும் தண்ணீர் நின்றது. அடுத்த வருஷமே தரையை மூன்றடி உயர்த்தி வாசலில் ஆறு படி கட்டினார். தண்ணீர் உள்ளே வராது, சரி. என்னைப் போல் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் வர முடியாது என்பது அவர் கணக்கிலேயே இல்லை.

பத்திரிகை வைப்பதற்கு முந்தின வாரம், மண்டப லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய கட்டடமானாலும் மாற்றுத்திறனாளிகள் தாங்களாகவே உள்ளே போக வழி இருக்கிறது என்று ஒரு ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் ஆர்க்கிடெக்ட். நானே நாற்காலியில் இருப்பவள். என் கையெழுத்து என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று என்னிடமே வந்தார்.

அவர் காட்டிய வழி சமையல்கட்டுப் பக்கம் இருந்தது. கேஸ் சிலிண்டர் ஏற்றுவதற்காகப் போட்ட சாய்தளம். காலி அண்டாவை ஏற்றவே பின்னால் இரண்டு பேர் முட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவு செங்குத்து. ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், மூன்றடிக்கு முப்பத்தாறு அடி, நடுவில் மூச்சு வாங்கச் சமமாக ஓர் இடம், முன்வாசலில் காம்பவுண்டு சுவரை ஒட்டிப் போட்டுவிடலாம் என்றேன். இரண்டு கார் நிற்கும் இடம் போகும் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"வருசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர் வராங்க. அதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மாம் பேஜாரு? நாலு பசங்க கீறாங்க, தூக்கி வுட்ருவாங்க."

"நாலு பேர் தூக்கிட்டுப் போற நாள் எல்லாருக்கும் ஒரு தடவை வரும் அண்ணா. அதுவரைக்கும் நானே போய்க்கறேன்," என்றேன். கையெழுத்துப் போடவில்லை. மறுவாரம்தான் தட்டோடு வந்தார். சான்றிதழ் பேச்சையே எடுக்கவில்லை. சோறு போட்டால் கை தானாக வளையும் என்று நினைத்திருப்பார்.

முகூர்த்தத்தன்று நல்ல அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டு போனேன். வாழைமரம் கட்டிய வாசலில், படிகளுக்குக் கீழே, வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி நாற்காலியை நிறுத்தினேன். பன்னீர் தெளிக்கும் பெண் மேலிருந்து இறங்கி வந்து தெளித்துவிட்டுப் போனாள். பந்தி பரிமாறும் பையன்கள் நால்வர் தூக்க வந்தார்கள். வேண்டாம் என்றேன். சம்பத் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார். மேலே வராவிட்டால் பரவாயில்லை, இலையை இங்கேயே போடச் சொல்கிறேன் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வாசல்ல உக்கார வெச்சு சோறு போட்ட காலத்தை எங்கப்பா பாத்திருக்கார் அண்ணா. நான் பாக்க மாட்டேன்."

அவருக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் கேளம்பாக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ராஜகோபாலன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு இறங்கினார். படிகளைப் பார்த்தார். பையன்கள் அவரைத் தூக்கக் கை நீட்டினார்கள். நீ யாரும்மா, ஏன் கீழேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். சொன்னேன், ஒளிக்காமல். எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று பையன்களிடம் சொன்னார்.

தாலித் தட்டு எல்லோரிடமும் ஆசி வாங்கச் சுற்றி வந்தது. எங்கள் இருவருக்காகச் சம்பத் அண்ணனே படியிறங்கி எடுத்து வந்தார். வினிதா நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டித் தொட்டேன். அந்தப் பெண்ணோடு எனக்கு என்ன சண்டை? கெட்டிமேளம் கேட்டதும் நாங்கள் இருவரும் கையிலிருந்த அட்சதையைப் படிகளின் மேல் போட்டோம். அவ்வளவு தூரம்தான் எட்டியது.

சாப்பிடக் கூப்பிட வந்த சம்பத் அண்ணனிடம், "வினிதா வளைகாப்புக்கு வர்றேன். அன்னிக்கு மேல உக்காந்து சாப்பிடறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பசி காதை அடைத்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலையிலேயே சம்பத் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பெரியவரும் சாப்டாம பூட்டாரும்மா," என்றார். குரலில் உயிரே இல்லை. "சம்பந்தி வூட்ல இதே பேச்சாத்தான் கீது. விருந்தாளி ரெண்டு பேரை வாசலோட அனுப்பினவன் வூட்ல பொண்ணு எடுத்தோம்னு."

அவரே தொடர்ந்தார்.

"எத்தினி அடின்னு சொன்ன?"

"முப்பத்தாறு. முன்வாசல்ல."

"கார் போனா போவுது. வந்து அளவெடுத்துக் குடு." பிறகு தயங்கிக் கேட்டார். "அந்தக் கையெழுத்தும்மா?"

"மேல ஏறி வந்து போடறேன் அண்ணா."