கரிசக்காட்டில் ஒரு வெள்ள ஆபீஸ்

1

ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்துச் சிரித்ததிலிருந்து இந்தக் கதை வந்தது. சிரித்தவன் நான்தான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடித்துப் பிழைக்கிறவன். மெஷின் ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுகிறவன். டீக்கடைக்கு எதிர் மாடியில் புதுப் பலகை ஏறியிருந்தது: ‘வெள்ளத் தடுப்பு மற்றும் தணிப்பு ஒருங்கிணைப்பு அலுவலகம்.’

“குழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு. இவிய வெள்ளத்தத் தடுக்கப் போறாவளாம்லா,” என்றார் டீ மாஸ்டர். கடையே சிரித்தது. எனக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்கே ஒரு நையாண்டிக் கதை எழுதிவிடுவது என்று வீட்டுக்கு வந்தேன்.

[அந்தப் பலகையைத் தேடி யாரும் பஸ் ஏறி வந்துவிடாதீர்கள். அலுவலகம், அதிலுள்ள ஆட்கள், பின்னால் வரப்போகும் இரண்டு ஊர்கள் எல்லாம் நான் கட்டியவை. சிரிப்பு மட்டும் எங்கள் ஊருடையது.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘மழையே பெய்யாத ஊரில் வெள்ளத்துக்காகக் காத்திருந்தார் அந்த அதிகாரி. காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து வெள்ளம் வருகிறதா என்று பார்ப்பார். வெயில் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு’

இதற்கு மேல் பேனா நகரவில்லை. நையாண்டி செய்யலாம், புளுகக் கூடாது. கரிசல் மண்ணைத் தெரிந்தவன் இந்த வாக்கியத்தை எழுதக் கூச வேண்டும். சித்திரையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற மண், ஐப்பசியில் நாலு மழை குடித்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் விழுகிற தண்ணீர் உள்ளே இறங்காது, அப்படியே ஓடும். ஓடையில் ஓடும், ரோட்டில் ஓடும், வீட்டுக்குள்ளும் ஓடும். வருசம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஊர்தான் ஒரே நாளில் முங்கிப் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாலு நாள் வெயில் அடித்தால் போதும், தெரியாத மாதிரி சிரிப்போம்.

இரண்டாவது தொடக்கம் இதற்கு நேர் எதிர்:

‘கரை உடைந்த சத்தம் கேட்டபோது கீழ் ஊரில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் முதலில் தொழுவத்துக்குள் நுழைந்தது. பிறகு தொட்டில் கட்டியிருந்த’

“தொட்டில எடுத்துருங்க சார்,” என்றாள் அமுதவள்ளி.

3

அமுதவள்ளி யாரென்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த அலுவலகத்தின் அதிகாரி, துணை வட்டாட்சியர். சொந்த ஊர் எப்போதும்வென்றான். [ஊர்ப் பெயரை வைத்து ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். “பள்ளிக்கூடத்துல இருந்து எல்லாரும் இதையேதான் சொல்லுதாங்க சார். நீங்களாவது விடுங்க,” என்றாள். விட்டேன்.] நான் உண்டாக்கிய ஆள்தான். ஆனால் உண்டாக்கிய நாளிலிருந்து என் பேச்சைக் கேட்டதில்லை.

“தொட்டிலை எடுத்துட்டா வாசகருக்கு என்ன பதைப்பு இருக்கும்? கரை உடையணும், வெள்ளம் வரணும், நீ படகுல போய் நாலு பேரைத் தூக்கணும்,” என்றேன்.

“உடைஞ்ச பொறவு வாரதுக்கு மீட்புப் படை இருக்கு சார். உடையாம பாக்கத்தான் என் ஆபீஸ். என்னைய வச்சு எழுதுனா கரை உடையக் கூடாது. உடைச்சுத்தான் தீருவேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

வாசகரே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஊரில் எதுவுமே நடக்காது என்கிற ஒரு பெண்ணை நடுவில் வைத்துக்கொண்டு நான் கதை சொல்ல வேண்டும். நல்ல வம்பில் மாட்டிக்கொண்டேன்.

4

சரி, அவள் வழியிலேயே போகிறேன்.

விளாத்திகுளம் போகிற பாதையில், மேட்டில் ஓர் ஊர்: சோளக்குறிச்சி. அதன் கண்மாய்க்கு, அதாவது ஏரிக்கு, கீழே ஓடை போகிறது. ஓடையின் குறுக்கே ஒரு பாலம். பாலம் தாண்டினால் பள்ளத்தில் பிச்சைபுரம். அதற்கும் ஒரு சின்னக் கண்மாய் உண்டு. மேல் கண்மாய் ஒரு துறைக்கு, பாலம் இன்னொரு துறைக்கு, கீழ்க் கண்மாய் மூன்றாவது துறைக்கு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே போன் நம்பர் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. அந்த நம்பர்தான் அமுதவள்ளியின் அலுவலகம்.

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடையில் விழுவதற்காகக் கரையில் ஓர் இடத்தைத் தாழ்வாகக் கட்டியிருப்பார்கள். அதற்கு மறுகால் என்று பெயர். தண்ணீர் கொழிக்கிற சீமையில் மறுகாலை யாரும் தொட மாட்டார்கள். சோளக்குறிச்சிக்காரர்கள் தொடுவார்கள். மழைக்கு முன்னால் மறுகால் மேல் மணல் மூடைகளை அடுக்கி இடுப்பளவு உயர்த்திவிடுவார்கள். வந்த தண்ணீரில் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. பங்குனி வெயிலில் மாட்டுக்குத் தண்ணீர் தேடி அலைந்தவனுக்குத்தான் அந்த மூடையின் அருமை தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் போன பெருமழையில் மூடைகள் நின்றன, கரை நிற்கவில்லை. பிச்சைபுரத்தில் ஒரு தெருவே போனது. மழை விட்ட பிறகு பார்த்தால், சொட்டுத் தண்ணீர் விடமாட்டோம் என்று காத்த மேல் கண்மாயில் எருமை படுக்கக்கூடத் தண்ணீர் இல்லை. தண்ணீரைக் கண்ணில் காணாத ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. அடுத்த வருசமும் அடுக்கினார்கள்.

[“எங்க ஊர்ல எங்க அப்பாவும் அடுக்குனவருதான் சார். அதையும் எழுதிக்கிடுங்க,” என்றாள் அமுதவள்ளி. எழுதிவிட்டேன்.]

5

கார்த்திகையில் ஒரு பகல். மேல் கண்மாய்த் தண்ணீர் மறுகாலைத் தாண்டி, மூடைகளின் பாதி உயரத்துக்கு ஏறி நிற்கிறது. நாளைக்குப் பெருமழை என்று எச்சரிக்கை வந்துவிட்டது. அமுதவள்ளி கரையில் நிற்கிறாள்; கரிசல் ஒட்டிக் கனத்துப்போன செருப்புகள் கையில் இருக்கின்றன. அவளுக்கு எதிரே மூடைகளின் மேல் சாமித்துரை உட்கார்ந்திருக்கிறார். சோளக்குறிச்சி விவசாயிகள் சங்கத் தலைவர். அவர் எழுந்தால்தான் ஊர் அந்த மூடையில் கை வைக்கும்.

‘அப்போது போலீஸ் ஜீப் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு’

[மழைக்காலத்தில் ஏது புழுதி. அது கிடக்கட்டும், ஜீப்பையே அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். “போலீஸ வச்சு இன்னைக்கு எடுத்துருவேன். வார வருசம் ரெண்டு வரிசை கூடுதலா அடுக்குவாங்க சார்.”]

“வந்த தண்ணிய வெளிய தள்ளுன்னு சொல்லுததுக்கு ஒரு ஆபீஸா?” என்றார் சாமித்துரை. “நாளைக்கு மழ வராமப் போச்சுன்னா? மாசியில எங்க மாடு என்னத்தம்மா குடிக்கும்?”

“நியாயமான கேள்விதான் அண்ணாச்சி. வரும்னு சொல்லுதாங்க. வராமலும் போவலாம். அப்படிப் போச்சுன்னா எங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருங்க. கேள்வி கேளுங்க.”

“அப்ப நீங்க அங்கன இருப்பீங்களா?”

‘இருப்பேன்’ என்று எழுதினேன். கேட்கிறவருக்குத் தெம்பாக இருக்கும், கதைக்கும் ஒரு கெத்து. அமுதவள்ளி அந்தச் சொல்லைத் தன் வாயில் வாங்கவில்லை.

“இருக்க மாட்டேன் அண்ணாச்சி. என்னைய எங்கயாவது மாத்திருவாங்க. ஆனா ஆபீஸ் இருக்கும். நான் இன்னைக்குச் சொல்லுததுக்கு, அன்னைக்கு அந்த நாற்காலியில யார் இருக்காங்களோ அவிய பதில் சொல்லணும். அதுக்குத்தான் போர்டு போட்டு மாட்டியிருக்கு.”

சாமித்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பொய் சொல்லாத அதிகாரிய இன்னைக்குத்தாம்மா பாக்குதேன். ஆனா எந்திரிக்க மாட்டேன்.”

அமுதவள்ளி வாதாடவில்லை. பிச்சைபுரத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது பாத்திமுத்து, அங்கே பலசரக்குக் கடை வைத்திருப்பவர், கீழ்க் கண்மாயைப் பற்றி அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல ஒப்புக்கொண்டவர். போன வெள்ளம் கடையைச் சரக்கோடு வழித்துக்கொண்டு போனது இவருக்குத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

“அக்கா, மேல தண்ணி விட்டா ஒங்க கம்மா தாங்குமா?”

“எங்க கம்மா வாயப் பொளந்துகிட்டுல்லா கெடக்கு. மேல மூடை அடுக்குனா எங்களுக்கு ஏது தண்ணி? வரட்டும்மா. ஆனா சொல்லிட்டு வரட்டும். விருந்தாளி சொல்லாம வந்தாச் சமாளிச்சிரலாம், தண்ணி சொல்லாம வரக் கூடாது.” பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “சாமித்துரை அண்ணாச்சி பக்கத்துல இருக்காவளா?”

“இருக்காங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“அண்ணாச்சி, பாத்திமுத்து பேசுதேன். நல்லாருக்கீங்களா? எங்களுக்குக் கொஞ்சம் தண்ணி தாங்க.”

எங்கள் பக்கத்தில், வாசலில் நின்று தண்ணீர் கேட்டவரை இல்லையென்று அனுப்பும் வழக்கம் கிடையாது. பகையாளியாக இருந்தாலும் செம்பு நீளும். சோளக்குறிச்சியில் இதுவரை எத்தனையோ பேர் வந்து ‘தண்ணியை விடு’ என்றிருக்கிறார்கள், ‘மூடையை எடு’ என்றிருக்கிறார்கள். ‘தா’ என்று ஒருவரும் கேட்டதில்லை.

[சத்தியமாக இது நான் போட்ட திட்டம் இல்லை. “நீதான் அந்த அக்காவிடம் சொல்லிக் கொடுத்தாயா?” என்று அமுதவள்ளியிடம் கேட்டேன். செருப்பில் ஒட்டிய கரிசலைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.]

சாமித்துரை எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடி வந்த இளவட்டங்களைக் கையால் தடுத்தார்.

“ஏலே, ஒருத்தனும் தொடாதீங்க. மொத மூடைய நான் எடுக்கேன்.”

மேல்வரிசை போனது, அடுத்த வரிசை போனது. காப்பிப் பொடி நிறத்தில் தண்ணீர் மறுகாலில் விழுந்து ஓடையைப் பிடித்தது. கரையில் நின்ற பெண்களில் யாரோ குலவை போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அலுவலகத்தின் இன்னோர் ஊழியர் ஆசிம், காலையிலிருந்து பாலத்தடியில் அந்தத் துறை ஆட்களை முள்ளையும் குப்பையையும் வாரச் சொல்லி நின்றவர், போனில் கத்தினார்: “பாலம் தாண்டிருச்சு மேடம். அடைப்பு இல்ல!” கொஞ்ச நேரத்தில் பாத்திமுத்துவின் குரல்: “வந்துருச்சு. சொன்னபடியே வருது தாயி.”

எனக்கு அந்த இடத்தில் தலை நிமிர்ந்துவிட்டது, சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று துறையும் இரண்டு ஊரும் ஒரே தண்ணீரைப் பற்றி ஒரே பகலில் பேசிக்கொண்டன, எங்கள் கரிசக்காட்டில். அணை கட்டினவர்கள்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள்.

6

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) மறுநாள் மழை வெளுத்து வாங்கியது. மேல் கரை நின்றது. கீழ்க் கண்மாய் நிறைந்து, அதன் மறுகாலும் பாய்ந்து, தண்ணீர் குளத்தூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் படம் எடுக்க ஒன்றுமில்லை. பாத்திமுத்து வழக்கம்போலக் கடையைத் திறந்து வாசல் தெளித்தார்.

(ஆ) மறுநாள் மேகம் கடலோடு போய்விட்டது. தூறல்கூட இல்லை. மாசியில் மேல் கண்மாய் சீக்கிரமே தரை தட்டியது. சாமித்துரை ஆட்களோடு பஸ் ஏறி வந்து, சொன்னபடி அலுவலக வாசலில் உட்கார்ந்தார். அமுதவள்ளியை மாற்றியிருந்தார்கள். நாற்காலியில் கிருஷ்ணகுமார் என்று ஒருவர். அவருக்கு மறுகால் எந்தப் பக்கம் என்றுகூட இன்னும் பிடிபடவில்லை. ‘அது போன மேடம் சொன்னது, எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிச்சைபுரத்துக்குப் போன் போட்டார்.

“விட்ட தண்ணி எங்க கம்மாயிலதான சார் கெடக்கு?” என்றார் பாத்திமுத்து. “மாட்டப் பத்திட்டு வரச் சொல்லுங்க.”

அந்த மாசியும் பங்குனியும் சோளக்குறிச்சி மாடுகள் ஓடை வழியே இறங்கி, பாலத்தடியில் நுழைந்து, பிச்சைபுரம் கண்மாயில் வயிறு முட்டக் குடித்துவிட்டு மேடேறின.

எனக்குப் பிடித்தது (ஆ). முதல் முடிவில் நல்ல பெயர் மழைக்குப் போய்விடுகிறது. இரண்டாவதில் மழை ஏமாற்றியது, மனுசர்கள் ஏமாற்றவில்லை. அமுதவள்ளி என்ன சொல்வாள் என்று கேட்கலாமென்றால் ஆள் இல்லை; மாற்றலாகிப் போனவள் என் கதையிலிருந்தும் போய்விட்டாள். போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள்: “கடைசியில என் பேரப் போட்டு முடிச்சிராதீங்க சார்.”

7

ஆகவே அவள் பேரைப் போட்டு முடிக்கவில்லை. என் பேரையும் போடவில்லை.

அடுத்த ஐப்பசி. எதிர் மாடியில் அதே பலகை. டீக்கடையில் இப்போது அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கிருஷ்ணகுமார் பாலத்தைப் பார்க்கப் போயிருக்கிறார், ஆசிம் அவரோடு போயிருக்கிறார். வெளியே வானம் கறுத்துக் கிடக்கிறது. நாற்காலி காலியாக இருக்கிறது. மேசையில் போன் அடிக்கிறது.

நான் எடுக்க முடியாது. லேபிள் அச்சடிக்கிறவன் எடுத்து என்ன சொல்ல? இவ்வளவு தூரம் கூடவே வந்தது நீங்கள்தான்; மூடையும் தெரியும், மறுகாலும் தெரியும், கீழே யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். உட்காருங்கள். எடுங்கள்.

“வெள்ள ஆபீஸா? சோளக்குறிச்சி சாமித்துரை பேசுதேன். தண்ணி மூடைக்கு ஏறிருச்சு. எடுக்கலாமான்னு கீழ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, நாங்க கரையிலதான் நிக்கோம். ஹலோ? இந்த வருசம் அங்கன யாரு இருக்கீங்க?”