காற்று கசியாத தலையணை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள் என் அக்கா. உச்சியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர்களை லாரிக்கு இறக்குவாள். பகலில் கண் சொக்குகிறது என்று அவளே மேலாளரிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் சோதித்ததில், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். இரவில் காற்று கசியாமல் ஓடியதா என்று அந்த மெஷினே பதிந்து தரும் ரிப்போர்ட் சரியாக வரும்வரை மேலே ஏறக்கூடாது என்றார் மேலாளர். அக்கா கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டினாள். அவள் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்து கன்டெய்னர்களைத் தடால் தடால் என்று போட்டார்.

ரிப்போர்ட் சரியாக வரவில்லை. அக்காவுக்கு ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம். தலையணை மாஸ்க்கைத் தள்ளும். காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். அரைத் தூக்கத்தில் கழற்றி எறிந்துவிடுவாள். மனசு கேட்காமல் அம்மா தன் மெத்தென்ற பஞ்சுத் தலையணையைக் கொடுத்தாள். கசிவு கூடியது. முகம் புதைந்தால் மாஸ்க்கும் புதைகிறது என்று மெல்லச் சொன்னேன்.

"நீ படிச்ச படிப்புக்கு என் தலையணைதான் கிடைச்சுதா?" என்றாள் அம்மா.

மெஷினையும் பையில் வைத்துக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனோம். விற்பவர் ஒவ்வொன்றையும் அமுக்கிக் காட்டி, மேகத்தில் படுத்த மாதிரி இருக்கும் என்றார்.

"மேகத்துக்குப் பக்கத்துலதாங்க எனக்கு வேலையே. படுக்கவாவது கெட்டியா ஏதாவது குடுங்க," என்றாள் அக்கா.

மாஸ்க் போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்? விற்பவரிடம் அக்காவே அனுமதி கேட்பாள் என்று திரும்பினேன். அதற்குள் அவள் பார்வைக்குப் போட்டிருந்த கட்டிலில் படுத்து மாஸ்க்கை மாட்டிவிட்டாள். இனி அவளால் பேச முடியாது. வேறு வழியின்றி நானே வாயைத் திறந்தேன்.

"அண்ணா, இங்க பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?"

விளக்கின் ஒயரைப் பிடுங்கி இடம் கொடுத்தார். ஆட்கள் கூடிவிட்டார்கள். கட்டில் வாங்கினால் இந்த மெஷினும் இலவசமா என்று ஓர் அம்மாள் விசாரித்தார். நான் அக்காவின் கன்னத்தருகே உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். தலையணை மாற்ற மாற்ற, புஸ்ஸென்று காற்று கையில் பட்டது. ஒன்றில் கழுத்து வளைந்தது. இன்னொன்றில் குழாய் மடங்கியது.

கீழ்த்தட்டில் ஒன்று கிடந்தது. அதிகம் அமுங்கவில்லை; இரண்டு ஓரமும் உள்வாங்கியிருந்தன. எலி கடித்த மாதிரி இருக்கிறதென்று யாரும் எடுப்பதில்லை என்றார் விற்பவர். அக்கா அதில் தலை வைத்தாள். மாஸ்க் அந்த வளைவுக்குள் எதிலும் இடிக்காமல் நின்றது. கையில் காற்று இல்லை. மறுபக்கம் புரண்டாள். அப்போதும் இல்லை. கன்டெய்னர் சரியாக அமர்ந்ததும் கீழிருந்து காட்டுவாளே, அந்தச் சைகையைப் படுத்தபடியே காட்டினாள்.

வீட்டில் பார்த்தபோது தோளுக்குச் சற்று உயரம் போதவில்லை. அடியில் போர்வையை மடித்து வைத்தேன். அம்மாவின் தலையணையை அக்கா கட்டிக்கொண்டாள். குப்புறப் புரளாமல் அது தடுத்தது.

"பாத்தியா, கடைசியில என்னுது இல்லாம ஆகலை," என்றாள் அம்மா.

அடுத்து வந்த ரிப்போர்ட்டில் கசிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். மேலாளர் கிரேன் சாவியைக் கொடுத்தார்.

அன்று அம்மாவும் நானும் துறைமுக வேலிக்கு வெளியே நின்றோம். முதல் கன்டெய்னர் எழும்பி, ஆடாமல் நகர்ந்து, லாரி மேல் இறங்கியது. சத்தமே இல்லை. லாரிக்காரர் இறங்கிப் போய், சரக்கு ஏறிவிட்டதா என்று பின்னால் எட்டிப் பார்த்தார்.

அம்மா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரின் தோளைத் தட்டினாள்.

"மேல இருக்கறது என் பொண்ணு. நல்லாத் தூங்கிட்டு வந்திருக்கா."